நகாதா என்ற பெயருக்கு வந்த கிராக்கி

கால்பந்து ஆட்டக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு பெயருக்குக் கிராக்கி எப்படி ஏறுகிறது, அந்தப் பெயர் யார் கையில் இருக்கிறது என்பது நம் தொழிலுக்கும் உரிய விஷயம். அதனால்தான் ஜப்பானியரான ஹிதெதோஷி நகாதாவைப் பற்றி எழுதுகிறோம்.

1997 நவம்பரில், மலேசியாவின் ஜொகூர் பாரு நகரில் ஜப்பான் அணி ஈரானை 3-2 என்று வென்று, முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மூன்று கோல்களுக்கும் வழி செய்து கொடுத்தவர் 20 வயது நகாதா. மறு ஆண்டு உலகக் கோப்பை முடிந்ததும் இத்தாலியின் பெருஜியா அணி அவரை வாங்கியது. சாக்லெட்டுக்குப் பெயர் போன சிறிய ஊர் அது. 1998 செப்டம்பரில் வலுவான யுவெண்டஸ் அணியுடன் நடந்த முதல் லீக் ஆட்டத்திலேயே இரண்டு கோல் போட்டார். அணி 3-4 என்று தோற்றது. ஆனால் பெயர் நின்றுவிட்டது. ஜப்பானியப் பயணிகள் கூட்டம் கூட்டமாக பெருஜியாவுக்கு வந்தார்கள். அவருடைய 7-ம் எண் சட்டைக்கு நல்ல விற்பனை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் கேட்டது பெருஜியா சட்டையை அல்ல, நகாதா சட்டையை. 2000 ஜனவரியில் அவர் ரோமா அணிக்கு மாறியபோது அவர்கள் கவனமும் கூடவே போயிற்று. அடுத்தவர் பெயரை நம்பிக் கிடங்கை நிரப்புகிறவர்களுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இனி, அவர் தம் பெயரை எப்படிக் காத்தார் என்பதற்கு வருவோம். தாம் சொல்வது ஒன்று, பத்திரிகையில் வருவது வேறொன்று என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. நிருபர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 1998-ல், இன்டர்நெட் வீடுகளுக்குள் வரத் தொடங்கிய காலத்திலேயே, தம் பெயரில் 'நகாதா.நெட்' என்ற பக்கத்தைத் தொடங்கினார். ஆட்டத்தைப் பற்றியும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் ரசிகர்களுக்கு அதில் நேரே எழுதினார். இத்தாலியில் இருப்பவரின் செய்தி ஜப்பானிய வாசகருக்கு இடையில் ஆள் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அன்று ஆட்டக்காரர்களில் இப்படிச் செய்தவர்கள் மிகச் சிலரே. சந்தை நிலவரத்தைத் தரகர் வாய்வழியாகவே கேட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட நமக்கு இதன் அருமை புரியும்.

2002-ல் ஜப்பானிலும் கொரியாவிலும் உலகக் கோப்பை நடந்தபோது, டோக்கியோவில் அதே பெயரில் ஒரு காபிக் கடையும் திறந்தார்கள். பெயர் திரையிலிருந்து கல்லாவுக்கு வந்தது என்று சொல்லலாம். ஆனால் ஆட்டத்தில் சரக்கு இல்லாவிட்டால் இதெல்லாம் நிற்காது. 2001 மே மாதம் ரோமா 0-2 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஒரு கோல் போட்டு, இன்னொன்றுக்கும் வழி செய்தார். ஆட்டம் 2-2. அந்த ஆண்டு இத்தாலிய லீக் பட்டம் ரோமாவுக்கே.

2006 ஜூலை 3-ம் தேதி, 29 வயதில், ஓய்வு பெறுவதாக அறிவித்தார். பெரிய பேட்டி எதுவும் இல்லை; தம் பக்கத்திலேயே எழுதிவிட்டார். பிறகு ஜப்பான் முழுவதும் சுற்றி, அரிசியில் வடிக்கும் சாக்கே மதுவின் தயாரிப்பாளர்களைத் தேடிப் பழகினார். மதுவானாலும் அரிசிச் சரக்குதானே! 2015-ல் அதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். ஜப்பானிய எழுத்து தெரியாதவர் சாக்கே புட்டியைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று விளங்காது. அந்த விவரத்தைக் கைபேசியில் சொல்லும் ஒரு செயலியையும் அந்தக் கம்பெனி வெளியிட்டது.