தாத்தாவோடு நடக்கப் போகலாமா?

குழந்தைகளே! உங்கள் வீட்டுத் தாத்தா, கண்ணாடி போட்டுக் கொண்டு பேப்பரை நன்றாகப் படிக்கிறார். ஆனால், நடக்கும்போது பக்கத்தில் இருக்கும் முக்காலியில் இடித்துக் கொள்கிறார். ஓரமாக வைத்த டம்ளரைத் தட்டி விடுகிறார். 'கவனமே கிடையாது' என்று பாட்டி சத்தம் போடுகிறார். நீங்களும் சிரித்துவிட்டுப் போய் விடாதீர்கள். அது கண் நீர் அழுத்த நோயாகவும் இருக்கலாம். டாக்டர்கள் இதை, 'கிளாகோமா' என்பர்.

நம் கண்ணின் முன்பகுதியில் தண்ணீர் போன்ற ஒரு திரவம் எந்நேரமும் ஊறிக் கொண்டே இருக்கிறது. இது கண்ணீர் அல்ல. உள்ளேயே ஊறி, உள்ளேயே வடிந்து விடும். அது வடிய, கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற வடிகால் உண்டு. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால், கண்ணுக்குள் அழுத்தம் கூடும். 10 முதல் 21 மி.மீ., பாதரச அளவு இருந்தால் சாதாரணம். அழுத்தம் கூடக் கூட, கண்ணின் பின்னால் உள்ள பார்வை நரம்பு பாதிக்கும். அதில் ஏறத்தாழ 10 லட்சம் மெல்லிய இழைகள் உள்ளன. அவை சிறிது சிறிதாகப் பட்டுப் போகும். சிலருக்கு அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு.

பெரும்பாலோருக்கு வலியே இருக்காது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. ஒரு தாளைக் குழல் போலச் சுருட்டுங்கள். உட்கார்ந்தபடியே ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் குழல் வழியே பாருங்கள். எதிரில் உள்ள காலண்டர் தெரியும். பக்கத்தில் நிற்கும் தங்கை தெரிய மாட்டாள். நோய் முற்றியவர்களின் பார்வை ஏறக்குறைய இப்படித்தான். ஒரே வித்தியாசம்... குழலின் கறுப்பு ஓரம் அவர்களுக்குத் தெரியாது. விட்டுப்போன இடத்தை மூளையே நிரப்பி விடும். அதனால், பார்வை குறைவது அவர்களுக்கே தெரிவதில்லை. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை எல்லாம் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான்.

சரி, இதற்கும் நடைக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், 2019ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்த நோய் உள்ள, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 141 பேருக்கு, அசைவைப் பதியும் சிறு கருவியை ஒரு வாரம் அணிவித்தனர். தினமும் 5,000 அடிகள் கூடுதலாக நடந்தவர்களுக்கு, பார்வை குறையும் வேகம் 10 சதவீதம் குறைவாக இருந்தது. 5,000 அடி என்றால், சுமார் 3 கி.மீ., தூரம். நடந்ததால் பார்வை தங்கியதா, பார்வை நன்றாக இருந்ததால் அதிகம் நடந்தனரா என்பது இந்த ஆய்வில் முடிவாகவில்லை. மருந்தை விட்டுவிட்டு நடந்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை!

எனக்கும் இந்த நோய் உண்டு. இரவில் சொட்டு மருந்து. காலையில் பேரனோடு நடை. எனக்கு இடப்பக்கப் பார்வை குறைவு என்பதால், அவன் இடப்பக்கம்தான் வருவான். 'தாத்தா, கல்லு... தாத்தா, சைக்கிள்' என்று சொல்லிக் கொண்டே வருவான். கையைப் பிடித்து இழுக்க மாட்டான். அவன் முழங்கைக்கு மேல் நான் பிடித்துக் கொள்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இழுத்தால் பெரியவர்கள் தடுமாறுவர். மங்கலான வெளிச்சத்தில் இவர்களுக்குச் சிரமம் அதிகம். விடிந்தபின் கிளம்புவதே நல்லது.

நடை நல்லது என்பதற்காக, எல்லா உடற்பயிற்சியும் நல்லது என்று நினைத்து விடாதீர்கள். சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள், யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனம் செய்யச் சொல்லி, கண் அழுத்தத்தை அளந்தனர். தலைகீழாக நிற்கும்போது அழுத்தம் இரண்டு மடங்கானது! இது 2006ல் வெளியான ஆய்வு. ஆகவே, கிளாகோமா உள்ள தாத்தாவுக்குச் சிரசாசனம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று... இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். தாத்தாவுக்கு இருந்தால் அப்பா, அத்தை, சித்தப்பா எல்லாரும் கண் அழுத்தத்தையும், நரம்பையும் பரிசோதிக்க வேண்டும். 'எனக்குத்தான் எல்லா எழுத்தும் தெரியுதே!' என்பார் அப்பா. அந்தக் காகிதக் குழலை அவரிடம் கொடுத்து, காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். குழல் வழியாகவும் எல்லா எழுத்தும் தெரியும்!