கிஃப்ட் சிரோமணியின் ஆய்வுகளும் மேற்கோள் தாக்கமும்

கிஃப்ட் சிரோமணி (1932–1988) தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். கணினியியல், தமிழ் எழுத்தியல், சிற்பவியல், சிந்துவெளி எழுத்து எனத் தொடர்பற்றவை போலத் தோன்றும் துறைகளில் ஆய்வு செய்தார்.

கணினியியலார் இவரைப் பட மொழிக் கட்டுரைகளால் அறிவர். ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1970களில் எழுதப்பட்டவை அவை. இலக்கண விதிகள் சொற்றொடரை உருவாக்குவதுபோல, இருபரிமாண அணியாக அமைந்த படத்தையும் விதிகளால் உருவாக்கலாம் என்பது அவற்றின் அடிப்படை. எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை: வாசலில் போடும் புள்ளிக் கோலம். 1974இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இடம்பெற்றது.

அதே 1974இல் மைக்கேல் லாக்வுட், பி. தயானந்தன் ஆகியோருடன் மாமல்லபுரம் குறித்த ஆய்வு நூலையும் வெளியிட்டார். சிற்பங்களின் மணிமுடி போன்ற கூறுகளை ஒப்பிட்டுக் காலத்தை அணுகிய முயற்சி அது.

இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது எளிதன்று. 2005இல் ஹிர்ஷ் முன்மொழிந்த எச்-சுட்டெண்ணின்படி, பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டால் மதிப்பு 10. மேற்கோள் தரவுத்தளங்கள் ஆய்விதழ்களையே முதன்மையாகக் கணக்கில் கொள்கின்றன. கலை வரலாற்றாளர்களோ பெரும்பாலும் நூல்களின் அடிக்குறிப்புகளில் சுட்டுவர். ஆகவே எண்ணிக்கையில் கோலம் தெரியும் அளவுக்கு மாமல்லபுரம் தெரியாது.