மாத்திரையை விட மெஷின் முக்கியம்

பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல்ல இறந்தார். ரெண்டு வருஷ விசாரணைக்கு அப்புறம் மினசோட்டாவின் கார்வர் கவுண்டி அரசு வழக்கறிஞர் சொன்னது இதுதான்: விகோடின்னு நினைச்சு அவர் போட்டது போலி மாத்திரை. உள்ளே இருந்தது ஃபென்டனில். அந்த மாத்திரை அவர் கைக்கு எப்படி வந்ததுன்னு நிரூபிக்க முடியலை. அதனால யார் மேலயும் கிரிமினல் வழக்கு இல்லை.

சட்டம் எங்கே தடுமாறுதுன்னு இதுலயே தெரியும். ஃபென்டனில் 2 மில்லிகிராமே உயிரை எடுக்கலாம். அதாவது 500 மில்லிகிராம் பாராசிட்டமால்ல 250-ல ஒரு பங்கு. கள்ள மெஷின்ல அதைச் சீரா கலக்க முடியாது. ஒரே பேட்ச்ல ஒரு மாத்திரை சும்மா இருக்கும், அடுத்தது கொல்லும். அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. 2023-ல சோதிச்ச போலி மாத்திரைகள்ல 10-க்கு 7-லயும், 2024-ல 10-க்கு 5-லயும் அந்த அளவு இருந்தது.

சரி, சட்டம் என்ன செய்யுது? 2025 ஜூலையில 'ஹால்ட் ஃபென்டனில்' சட்டம் வந்தது. ஒவ்வொரு வேதிப்பொருளையும் பேர் சொல்லித் தடை பண்ணா, மூலக்கூறைக் கொஞ்சம் மாத்தித் தப்பிச்சிடுவாங்க. அதனால ஃபென்டனிலோட அடிப்படைக் கட்டமைப்பை ஒட்டின வகை மொத்தத்தையும் நிரந்தரமா தடைப் பட்டியல்ல சேர்த்தாங்க. நம்ம பாஷையில, பிளாக்லிஸ்டுக்குப் பதிலா ரெஜெக்ஸ்.

ஆனா பவுடரை 'மருந்து' மாதிரி காட்டுறது மாத்திரை அடிக்கிற மெஷினும், எழுத்து பதிக்கிற அச்சும்தான். 1988 சட்டப்படி மெஷின் விக்கிறவங்க வாங்குறவரோட அடையாளத்தைச் சரிபார்க்கணும், பதிவு வைக்கணும், அரசுக்குத் தெரிவிக்கணும். ஆன்லைன் சந்தையில இது என்ன ஆகும்? இப்படி ஆயிரக்கணக்கான மெஷின் தன் தளத்துல வித்தும் இந்த விதிகளைப் பின்பற்றலைன்னு ஈபே மேல குற்றச்சாட்டு. அதை மறுத்த ஈபே, 2024 ஜனவரியில 5.9 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

தண்டனையைக் கூட்டுறது உயிர் போன பிறகு வர்ற பதில். மெஷின் யார்கிட்ட போச்சுங்கற பதிவுதான் அதுக்கு முன்னாடியே கைகொடுக்கும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: நிறமும் எழுத்தும் உள்ளே என்ன இருக்குங்கறதுக்குச் சாட்சி இல்லை. மருந்துக்கடைக்கு வெளியே, நண்பனே கொடுத்தாலும் வேணாம். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.