சனிக்கிழமை சம்பளம்... புதன்கிழமையே கடன்! ராத்திரி சாப்பாட்டுக்கு வாரக் கணக்கு போடுவது எப்படி?

திருப்பூர்:-

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறிக்குழம்பு மணக்கும். திங்கள், செவ்வாய் எப்படியோ ஓடிவிடும். புதன்கிழமை ராத்திரி மளிகைக் கடை நோட்டில் கணக்கு ஏறத் தொடங்கும். வெள்ளிக்கிழமை தள்ளுவண்டி கடையில் நாலு பரோட்டாவை வாங்கிக் கொடுத்து பிள்ளைகளைத் தூங்க வைப்பார்கள்.

திருப்பூரில் லைன் வீடுகளில் குடியிருக்கும் பல குடும்பங்களுக்கு வாரம் இப்படித்தான் போகிறது. சம்பளம் பத்தவில்லை என்பது நிஜம். ஆனால் ராத்திரி என்ன சமைப்பது என்று ராத்திரி 9 மணிக்கு யோசிப்பதும் ஒரு காரணம்.

ஒன்றரை ஷிப்ட்

புருஷன் பவர் டேபிளில், மனைவி செக்கிங்கில் என்று இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் இங்கு நிறைய. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு வந்து சேர 9 மணி ஆகிவிடும். பசியோடு கடைக்கு ஓடினால் கால் கிலோ தக்காளி, ஒரு மாவு பாக்கெட், சின்ன எண்ணெய் பாக்கெட் என்று சில்லறையாகத்தான் வாங்க முடியும். அப்படி வாங்கினால் செலவு கூடும். அந்தப் பாக்கி அடுத்த சனிக்கிழமை சம்பளத்தில் கழியும். குழுக் கடன் தவணையும் அதே சம்பளத்தில்தான் போக வேண்டும்.

இதைத் தடுக்க சனிக்கிழமை ராத்திரியே உட்கார்ந்து ஏழு நாளைக்கும் கணக்கு போட்டுவிட வேண்டும். டாஸ்மாக் பக்கம் கால் போவதற்கு முன்னால் என்றால் ரொம்ப நல்லது!

உதாரணத்துக்கு, நாலு பேர் உள்ள வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்கு வாரம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஞாயிறு கறிக்கு 350 ரூபாய். மற்ற ஆறு நாளுக்கு தினம் 100 வீதம் 600 ரூபாய். மிச்சம் 50 ரூபாயைத் தொடக்கூடாது. பணத்தை மொத்தமாக ஒரே டப்பாவில் போட்டால் புதனுக்குள் கரைஞ்சு போகும். தனித்தனி கவரில் போட்டு வைத்தால் கை நிற்கும்.

ரேஷன் பருப்பு

அரிசி கார்டுக்கு ரேஷன் கடையில் 2011-ம் ஆண்டு முதல் அரிசி இலவசம். மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஒரு கிலோ பருப்பை நாலு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு கால் கிலோ. ஒரு நாள் சாம்பாருக்கு 100 கிராம், ஒரு நாள் அரிசி பருப்பு சாதத்துக்கு 100 கிராம், மிச்சம் ரசத்துக்கு. மற்ற நாளுக்கு இருக்கவே இருக்கிறது கொள்ளும் பச்சைப்பயிறும்.

காய்கறிக்கு ஞாயிறு காலை உழவர் சந்தை. விலைப் பலகையைப் பார்த்து வாங்கலாம். கீரை, தக்காளி, கத்தரிக்காயை வாரத் தொடக்கத்தில் தீர்த்துவிட வேண்டும். பூசணி, சேனை, உருளை, சின்ன வெங்காயம் வெள்ளி வரை தாங்கும். பூசணியை முழுசாக வாங்கினால்தான் தாங்கும், கீத்து போட்டது தாங்காது.

ஞாயிறு ஆட்டிய மாவை திங்கள் இட்லி, செவ்வாய் தோசை என்று முடித்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் கோடையில் மூன்றாம் நாளே மாவு பொங்கிப் புளித்துவிடும். புதன் ராத்திரி அரிசி பருப்பு சாதம். கொங்கு நாட்டில் இதற்கு ஈடு இல்லை. குக்கரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் அரை மணி நேரத்தில் ரெடி. வியாழன் பூசணிக்காய் குழம்பு. வெள்ளிக்கிழமை பல வீடுகளில் கவுச்சி கிடையாது. காலையில் வேலைக்குப் போகும்போதே கொள்ளை ஊறப்போட்டால் ராத்திரி கொள்ளுப்பருப்பு கடைசல், கொள்ளு ரசம், சுட்ட அப்பளம். சனிக்கிழமை பச்சைப்பயிறு.

எந்த நாள் எல்லோரும்?

சமையல் பட்டியலோடு, எந்த ராத்திரி யார் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதையும் எழுத வேண்டும். பிள்ளைகள் 8 மணிக்கே சாப்பிட்டுத் தூங்கிவிடுவதால், அப்பா முகத்தையே ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும் குழந்தைகள் உண்டு. ஞாயிறு போக, வாரத்தில் இன்னொரு நாள் இருவருமே ஒரு ஷிப்ட்டோடு கிளம்ப முடியுமா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கு பெரிதாகச் சமைக்க வேண்டியதில்லை. தோசை போதும். ஆளுக்கு ஒன்றாகச் சுட்டுப் போடும்போது பள்ளிக்கூடக் கதை எல்லாம் வெளியே வரும்.

இந்த வேலை முழுவதையும் வீட்டுக்காரம்மா தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. அவரும் அதே 9 மணிக்குத்தான் கால் வலியோடு வருகிறார். வெங்காயம் உரிக்க ஆம்பளைக் கைக்கும் தெரியும்.

பட்டியலை எழுதும் வேலையை எழுதப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து, கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கலாம். வியாழன், வெள்ளி கட்டங்களை மட்டும் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனியில் நிறுத்திவிட்டால் அழித்து எழுத வேண்டி வரும்.