வலிக்காத புண்ணை நம்பலாகாது

மாதத்தின் முதல் வாரம் எங்கள் அடுகோடிக் கிளையில் ஓய்வூதியர்களின் வாரம். கணக்குப் புத்தகத்தில் வரவைப் பதிந்துகொண்டு, சற்று நேரம் அமர்ந்து பேசிச் செல்வோர் பலர். அவர்களுள் ஒரு பெரியவர் ஒருமுறை வலக்காலில் கட்டுடன் வந்தார். வைப்பு நிதியை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தரும்படி கேட்டார். கால் பெருவிரலை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. “புதுச் செருப்புக் கடித்த காயம்தான். வலியே இல்லை, அதனால் ஒரு மாதம் பொருட்படுத்தவில்லை” என்றார்.

வலி இல்லாததே ஆபத்தின் அறிகுறி என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் பல ஆண்டுகளாக நீரிழிவு உடையவர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இரத்தச் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. இரத்தக் குழாய்களும் குறுகுவதால் காயம் ஆறத் தாமதமாகிறது.

உணர்விழந்த பாதம் எவ்வாறு புண்ணாகிறது என்பதை உலகுக்கு விளக்கியதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1914இல் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை என்றும், வலி தெரியாமல் காயத்தின் மீதே நடப்பதால்தான் புண் ஆழமாகிறது என்றும் அவர் கண்டார். மாவுக்கட்டு இட்டு, புண்ணின் மீது உடல் எடை அழுந்தாமல் காத்தபோது அது ஆறியது. இதே பாடம் பின்னர் நீரிழிவுப் புண்ணுக்கும் பொருந்தியது.

ஆறாத புண் பாக்டீரியாக்களுக்குத் திறந்த வாசல். மேலை நாடுகளில் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை மிகுதி. இந்தியாவிலோ சூடோமோனாஸ், ஈ.கோலி போன்றவையும் அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றுள் பல, வழக்கமான ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதில்லை. ஆகவே மருந்துக் கடையில் தாமே நான்கு மாத்திரை வாங்கி விழுங்குவது தவறு. தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை.

தொற்று இருப்பின், மருத்துவர் இறந்த திசுவை அகற்றி, புண்ணின் ஆழத்திலிருந்து சிறு பகுதியை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பது அதில் தெரியும். தசையளவில் நிற்கும் தொற்றுக்குப் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரச் சிகிச்சை போதும். எலும்பை எட்டிவிட்டால் ஆறு வாரம் வரை நீளலாம். காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிப்பதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், புண்பட்ட காலை ஊன்றாமல் இருப்பதும் மருந்துக்கு இணையாக முக்கியமானவை.

நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்க்க வேண்டும். குனிய இயலாதோர் கண்ணாடியின் துணை கொள்ளலாம். வீட்டாரையும் பார்க்கச் சொல்லலாம். கால் ஆணியைப் பிளேடால் சீவலாகாது. வீட்டினுள்ளும் செருப்பு அணிவது நல்லது. வெயில் நேரத்தில் கோயில் கற்தளத்தில் வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்க்க வேண்டும். காலணி அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல், ஆணி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாத உணர்வைச் சோதித்துக்கொள்வது அவசியம். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், துர்நாற்றம், கருமை, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்தப் பெரியவர் இப்போதும் மாதந்தோறும் எங்கள் கிளைக்கு வருகிறார். சென்ற ஆண்டு சிறு தொகையில் மீண்டும் ஒரு வைப்பு நிதி தொடங்கினார். முடித்துக்கொண்ட வைப்பை இவ்வாறு மறுபடி தொடங்கலாம். இழந்த விரலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இன்றிரவு உறங்குமுன் ஒரு நிமிடம் உங்கள் பாதங்களைப் பாருங்கள்.