நம் ஏவலின்றி இயங்கும் நரம்புகள்

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கும் மாணவனது நா வறள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இவற்றுள் ஒன்றையேனும் அவன் விரும்பி வருவித்தானல்லன். வேண்டாவென்று விலக்கவும் அவனால் இயலாது. கையை உயர்த்துதலும் காலை மடக்குதலும் நம் கருத்தின்வழி நிகழ, இருதயமும் இரைப்பையும் இரத்தக் குழாய்களும் நம்மைக் கேளாமலே தத்தம் தொழிலை இயற்றுகின்றன. இவற்றை நெறிப்படுத்தும் நரம்புத் தொகுதியே தானியங்கு நரம்பு மண்டலம் எனப்படும்.

இத்தொகுதியின் பிரதான கிளைகள் இரண்டு. மார்பு, இடுப்புப் பகுதிகளில் தண்டுவடத்தினின்று புறப்படுவன பரிவு நரம்புகள். மூளையின் அடிப்பாகத்தினின்றும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியினின்றும் வருவன துணைப்பரிவு நரம்புகள்; இவற்றுள் தலையாயது கழுத்து வழியே இறங்கி இருதயம், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைச் சேரும் வேகஸ் நரம்பு. ஆபத்து நேருங்கால் பரிவு நரம்புகள் இருதயத்தை விரைவுபடுத்தும், கண்பாவையை விரிக்கும், சீரணத்தைத் தணிக்கும். ஆபத்து நீங்கியபின் துணைப்பரிவு நரம்புகள் இருதயத்தை அமைதிப்படுத்திச் சீரணத்தை ஊக்கும்.

அங்ஙனமாயின், அச்சமில்லாத காலத்து இந்நரம்புகள் வாளா இருக்கின்றனவோ எனின், அன்று. இருதயத்தைத் தன்போக்கில் விட்டால் அது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வாக அமர்ந்து நாடியை எண்ணுவோமாயின், நம்மிற் பலர்க்கு 70-ஐ ஒட்டியே காண்போம். வேகஸ் நரம்பு இடையறாது கடிவாளத்தைப் பற்றி நிற்பதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். மாற்று இருதயம் பொருத்தப்பெற்றோர்க்கு அந்நரம்புத் தொடர்பு அறுபட்டிருத்தலின், ஓய்விலும் நாடி விரைந்தே ஓடும். ஆகவே, உடலின் அமைதியும் ஒரு தொழிலின் பயனே.

நரம்பு இருதயத்தை எவ்வாறு அடக்குகிறது? 1921-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டுக் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லோவி என்பார் இதனை ஆராய்ந்தார். ஒரு தவளையின் இருதயத்தை உப்புநீரில் துடிக்கவிட்டு, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்புத் தணிந்தது. அந்நீரை எடுத்து வேறொரு தவளையின் இருதயத்திற் செலுத்த, அதுவும் தணிந்தது. நரம்பு தன் ஆணையை ஓர் இரசாயனப் பொருளின் வாயிலாக உணர்த்துகிறது என்பது இதனால் விளங்கிற்று. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர்த் தெளியப்பட்டது. லோவியும் ஹென்றி டேலும் 1936-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர்.

இத்துணை உழைக்கும் நரம்புகளை, நெடுநாள் அடங்காத நீரிழிவு சிதைத்துவிடக் கூடும். நாம் எழுந்து நிற்கும்போது இரத்தம் கால்களிற் தேங்காதபடி குழாய்களைச் சுருக்குவன பரிவு நரம்புகளே. அவை தளர்ந்தவர் படுக்கையினின்று எழுந்ததும் தலைசுற்றி விழுவர். இன்னும் கொடியது யாதெனின், மாரடைப்பு நேர்ந்தும் நெஞ்சில் வலி தோன்றாதிருத்தல். வலியில்லையாதலின் தீங்குமில்லை என்று எண்ணி வைத்தியரை நாடாதொழிவாரும் உளர்.

ஆதலின், நம் இல்லத்து நீரிழிவுடையார் எழுங்கால் தலைசுற்றுகிறதென்று கூறின், அதனை முதுமையின் இயல்பென்று புறக்கணியாது வைத்தியரிடம் உரைப்போமாக. காரணமின்றி வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றின், வலி வரட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் நம் கடன்.