பழைய ஆட்டங்களைப் படம் பிடிப்போம்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் மொழி. கணினியில் பழைய விளையாட்டு ஒன்றை ஆடும்போது அதன் திரையைப் படம் பிடிப்பதற்கும் இம்முதுமொழிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கலாம். தொடர்பு மிகுதியாகவே உண்டு. அதனை இக்கட்டுரையில் காண்போம்.

அஞ்சலில் சென்ற படங்கள்

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'பிட்ஃபால்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் 'அதாரி 2600' என்னும் கருவிக்காக ஆக்டிவிஷன் நிறுவனம் அதனை வெளியிட்டது. காட்டுக்குள் ஓடி, முதலைகளின் மேல் தாவி, விழுதைப் பற்றி ஊசலாடிப் புதையல் தேடும் ஆட்டம் அது. 20,000 புள்ளி எடுத்தவர்கள், புள்ளி தெரியும்படி திரையைப் புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்பினால், சட்டையில் தைத்துக்கொள்ளும் துணிச் சின்னம் ஒன்று பரிசாக வந்து சேரும். ஆக, ஆட்டத்தின் திரையைப் படம் பிடிப்பது அன்றே ஒரு சாட்சியமாக விளங்கியது.

அப்படி எடுப்பது எளிதன்று. அக்காலத்துக் குழாய்த் தொலைக்காட்சி, படம் முழுவதையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வரைந்துகொண்டே போகும். கேமராவின் கண் மிக விரைவாக மூடிவிட்டால் திரையில் ஒரு பகுதி கறுத்து விடும். ஆகவே நொடியில் முப்பதில் ஒரு பங்காவது கேமரா திறந்திருக்க வேண்டும். அதுவரை கை நடுங்கக்கூடாது. ஃபிளாஷ் விளக்கு எரிந்தாலோ கண்ணாடியில் அதன் ஒளிதான் தெரியும். இத்தனைக்கும் மேலாக, ஃபிலிம் சுருளைக் கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா இல்லையா என்பதே தெரியாது!

எமுலேட்டர் என்பது யாது?

ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் 1983இலும், செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் 1988இலும், கையடக்கமான கேம் பாய் 1989இலும் வெளிவந்தன. இக்கருவிகளைச் செய்வதை நிறுவனங்கள் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆட்டங்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் பெட்டிகளும் முதுமை எய்திவிட்டன. ஆடியவரின் முன்னேற்றத்தைச் சேமிக்க அவற்றுள் சிலவற்றில் பொத்தான் போன்ற சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் சேமித்ததும் போய்விடும்.

இந்நிலையில் நமக்குக் கை கொடுப்பதே எமுலேட்டர். பள்ளி நாடகத்தில் நம் தோழி ஒருத்தி ஔவையார் வேடமிட்டு, தடியூன்றி நடந்து, ஔவையாரைப் போலவே பேசுகிறாள் அல்லவா? அதுபோலக் கணினியைப் பழைய விளையாட்டுக் கருவியாக நடிக்கச் செய்யும் மென்பொருளே எமுலேட்டர் ஆகும். நாணயம் போட்டு ஆடும் பெரிய எந்திரங்களுக்காக 1997இல் தோன்றிய 'மேம்', பல கருவிகளையும் ஒரே இடத்தில் இயக்கும் 'ரெட்ரோஆர்ச்' ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை.

படம் பிடிக்கும் முறை

எமுலேட்டருக்குத் திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாகவே தெரியும். ஃபாமிகாம் திரையில் குறுக்கே 256, நெடுக்கே 240, ஆக 61,440 புள்ளிகள். கேம் பாய் திரையில் 160க்கு 144, ஆக 23,040 புள்ளிகள். நிறமோ நான்கே சாயல்கள். நாம் விசையை அழுத்தியதும் இவ்வெண்கள் அப்படியே ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. இதுவே ஸ்கிரீன்ஷாட். கைபேசியால் கணினித் திரையைப் படமெடுத்தால் அலையலையாகக் கோடுகள் விழும். விளக்கொளியும் நம் முகமும்கூடத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டில் அத்தொல்லைகள் இல்லை.

ரெட்ரோஆர்ச்சில் வழக்கமாக எஃப்8 விசையும், மேமில் எஃப்12 விசையும் படம் பிடிக்கும். கைபேசியில் ஆடுவோர் ரெட்ரோஆர்ச்சின் மெனுவிலேயே அதற்கான கட்டளையைக் காணலாம். ஓடும் ஆட்டத்தில் சரியான நொடியைப் பிடிப்பது ஓடும் கோழியைப் பிடிப்பது போன்றதே. அதற்கும் வழி உண்டு. ரெட்ரோஆர்ச்சில் 'பி' விசையால் ஆட்டத்தை நிறுத்தி, 'கே' விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டே வந்து, வேண்டிய இடத்தில் எஃப்8ஐ அழுத்தினால் போதும்.

காணாமற்போன எதிரிகள்

இதுவரை எல்லாம் எளிது. இனிமேல்தான் முதுமொழி வேலை செய்யத் தொடங்குகிறது. ஃபாமிகாமுக்காக அண்மையில் ஒருவர் தாமே எழுதி, யாவரும் ஆடலாம் என்று இலவசமாக வழங்கிய ஆட்டம் ஒன்றை நாங்கள் ஆடினோம். எதிரிகள் கூட்டமாக வந்த இடத்தில் படம் பிடித்தோம். திறந்து பார்த்தால் எதிரிகளுள் இருவரைக் காணோம்! விசையைத் தவறான நேரத்தில் அழுத்திவிட்டோம் என்று எண்ணி மீண்டும் எடுத்தோம். இம்முறை அவ்விருவரும் இருந்தனர்; வேறு இருவர் மறைந்திருந்தனர்.

தவறு எங்களுடையது அன்று. ஃபாமிகாம் கருவியால் ஒரு கிடைவரியில் 8 உருத்துண்டுகளுக்கு மேல் வரைய இயலாது. அதற்கு மேல் வந்தால், ஆட்டத்தை எழுதியவர் இந்தப் படத்தில் சிலரையும் அடுத்த படத்தில் மற்றவரையும் மாற்றி மாற்றிக் காட்டுவார். நொடிக்கு ஏறக்குறைய 60 படங்கள் ஓடுவதால் நம் கண் எல்லாரையும் சேர்த்தே காண்கிறது. சற்று மினுக்குவதாக மட்டும் தோன்றும்.

இதற்குப் பெரும் எடுத்துக்காட்டு 1982இல் அதாரி 2600 கருவிக்கு வெளிவந்த 'பேக்மேன்'. அதில் பேக்மேனைத் துரத்தும் பேய்கள் நான்கு. அவற்றை ஒரே நேரத்தில் வரைய அக்கருவிக்கு வலுவில்லை. ஆகவே படத்துக்கு ஒரு பேயாக முறை வைத்து வரைந்தனர். அவ்வாட்டத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஒரு பேய்தான் விழும். அதைப் பார்ப்பவர், "ஆட்டத்தில் ஒரே ஒரு பேய்தான் போலும்" என்றல்லவோ முடிவு கட்டுவார்! எந்திரம் பொய் சொல்லவில்லை; அந்த ஒரு கணத்தில் இருந்தது ஒரு பேயே. ஆனால் ஆடியவர் கண்டது நான்கு. இங்கே எது உண்மை?

எங்களுக்குத் தெரிந்த விடை இதுதான்: இரண்டும் உண்மையே. ஆகவே இத்தகைய இடங்களில் அடுத்தடுத்த சில படங்களைச் சேர்த்து எடுத்துவைப்பதே நேர்மையான முறை.

நீர்வீழ்ச்சியும் வட்டமும்

1991இல் வெளிவந்த 'சோனிக்' ஆட்டத்தின் முதற்கட்டத்தில் அழகிய நீர்வீழ்ச்சி ஒன்று உண்டு. அதனை ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தால் நீர் இராது; சீப்பின் பற்களைப் போல நெட்டுக்கோடுகளே இருக்கும். மெகா டிரைவால் கண்ணாடி போன்ற நிறத்தை வரைய இயலாததால், ஒரு கோடு நீர், ஒரு கோடு வெற்றிடம் என்று வரைந்தனர். அக்காலத்துச் சாதாரணத் தொலைக்காட்சி இணைப்பில் படம் சற்றுக் கலங்கலாகவே தெரியும். அக்கலங்கலில் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, ஊடுருவித் தெரியும் நீராகக் காட்சியளித்தன. குறையையே நிறைவாக்கிக்கொண்ட கைவண்ணம் அது!

வடிவமும் இவ்வாறே. ஃபாமிகாமின் 256க்கு 240 படம் ஏறக்குறையச் சதுரமானது. ஆனால் தொலைக்காட்சியின் திரையோ அகலமானது. ஆகவே அது ஒவ்வொரு புள்ளியையும் 8க்கு 7 என்னும் அளவில் பக்கவாட்டில் இழுத்துக் காட்டியது. வட்டமான பந்து ஸ்கிரீன்ஷாட்டில் முட்டை போல ஒடுங்கித் தெரிவதன் காரணம் இதுவே.

பழைய தொலைக்காட்சியின் தோற்றத்தைத் தரும் ஒப்பனைகள் எமுலேட்டரில் உண்டு. ஒப்பனையோடு படம் பிடிக்க வேண்டுமா, எந்திரம் தந்த மூல எண்களையே பிடிக்க வேண்டுமா என்பதை ரெட்ரோஆர்ச்சில் நாமே தேர்ந்துகொள்ளலாம். மூலப்படம் ஒன்று, ஒப்பனைப்படம் ஒன்று என இரண்டையும் எடுத்துவைத்தால் குறை இராது. கோப்பைப் 'பிஎன்ஜி' வகையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு புள்ளிகூட மாறாது. 'ஜேபெக்' வகை இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கூர்மையான ஓரங்களைச் சுற்றி அழுக்குப் படியச் செய்துவிடும். பெரிதாக்க விரும்பினால் இரு மடங்கு, மும்மடங்கு என முழு மடங்காகவே பெரிதாக்குதல் நன்று.

இரண்டு கட்டளைகள்

மறைக்கல்வி வகுப்பில் படித்த பத்துக் கட்டளைகளுள் இரண்டு இங்கே நினைவுக்கு வருகின்றன. ஒன்று, களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை. எமுலேட்டர் என்பது ஒரு மென்பொருள் மட்டுமே. ஆட்டங்களோ அவற்றைப் படைத்தவர்களின் உடைமை. பழைய ஆட்டம் என்பதனால் அது உரிமையற்ற பொருளாகிவிடாது. படைத்தவரே இலவசமாகத் தரும் ஆட்டங்கள் நிறைய இருக்கும்போது நாம் ஏன் பிறர் பொருளை நாட வேண்டும்?

மற்றொன்று, பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளை. எமுலேட்டரில் ஆட்டத்தை இடையில் சேமித்து, தோற்றால் அதே இடத்திலிருந்து மீண்டும் ஆடலாம். அவ்வாறு நூறு முறை முயன்று எடுத்த புள்ளியையும், ஒரே மூச்சில் ஆடி எடுத்த புள்ளியையும் ஸ்கிரீன்ஷாட் வேறுபடுத்திக் காட்டாது. காட்ட வேண்டியவர் நாமே. ஆகையால் படத்துடன் ஆட்டத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு, கருவி, எமுலேட்டர், ஒப்பனை உண்டா இல்லையா, இடையில் சேமித்து ஆடினோமா என்னும் ஆறு செய்திகளையும் குறித்துவைக்க வேண்டும். குறிப்பில்லாத படம் பெயரெழுதாத விடைத்தாளைப் போன்றது.

முடிவுரை

"வெறும் விளையாட்டுக்கு இத்தனை பாடா?" என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று முறைப்படி விலைக்கு வாங்கக் கிடைப்பதில்லை. யாரோ சிலர் இரவு பகலாக உழைத்துப் புள்ளி புள்ளியாக வைத்த கோலங்கள் அவை. விடிந்தால் அழியும் கோலத்தைக்கூட நாம் ஏட்டில் வரைந்துவைக்கிறோமே! இக்கோலங்களுக்கும் அந்த மதிப்பைத் தரலாகாதா?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ், நம் வயதாகிய 15இல் இறைவனடி சேர்ந்தவர். அவருக்கும் கணினி விளையாட்டில் ஆசை இருந்தது. ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார். அதே கணினியைக் கொண்டு உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி, முறையாகப் பட்டியலிட்டு, பிறர் காணும்படி வைத்தார். ஆடுவதிலும் அளவு, தொகுப்பதிலும் ஒழுங்கு என்னும் இரண்டையும் அவரிடம் நாம் கற்போம்.

தோழியரே, அடுத்த முறை படம் பிடிக்கும் விசையை அழுத்துமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படத்தைக் காணும் ஒருத்தி, மறைந்த மூன்று பேய்களும் அங்கே இருந்தன என்பதை எவ்வாறு அறிவாள்? நாம் எழுதிவைத்தால் மட்டுமே அறிவாள்.